துணி வேறு, ஃபோம் வேறு

அந்தக் குஷன் பட்டறையில் முன்பக்கம் வெளிச்சம் இருக்கும். துணி வெட்டும் பெரிய மேசை அங்கேதான். அதை ஒட்டித் தையல் மெஷின்கள். நடுவில் நாற்காலிச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், பழைய நாற்காலிகளின் உறையைக் கழற்றும் இடம். புதிதாக வேலைக்கு வருபவர்களை முதலில் அங்கே உட்கார வைப்பார்கள். தாக்குப்பிடித்தால் முன்னால் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவளை மட்டும் வருஷக்கணக்கில் யாரும் கூப்பிடவில்லை.

காரணம் அவளுடைய வலது ஆள்காட்டி விரல். இங்கே வருவதற்கு முன்பு அவள் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கைக்காரி என்று பெயர். ஒரு நாள் மெஷின் ஊசி நகத்தோடு சேர்த்து விரலைத் துளைத்துவிட்டது. காயம் ஆறியது. ஆனால் நுனிக்கு உணர்ச்சி திரும்பவில்லை. துணி வழுக்குகிறதா, பிடிக்கிறதா என்று அந்த விரல்தான் சொல்ல வேண்டும். அது ஊமையாகிவிட்டதும் காலர்கள் கோணிக்கொண்டன. ஆலையில் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள் என்றார்கள்.

பட்டறை அவள் கணவனுடைய அக்காவுக்குச் சொந்தம். தன் கணவர் இறந்த பிறகு அந்த அம்மாள் தனியாளாகவே பட்டறையைத் தூக்கி நிறுத்தியிருந்தார். "என் தம்பி பொண்டாட்டி வீட்டுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா ஊரு என்னையத்தான் பேசும்" என்று சொல்லி அவளை அழைத்துவந்து பின்னால் உட்கார வைத்தார். நாத்தனாருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அதை வெளியே காட்டினால் யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோலப் பூட்டி வைத்திருப்பார், அவ்வளவுதான்.

துணி வெட்டுபவரைப் பட்டறையில் 'கத்திரி' என்று கூப்பிடுவார்கள். வாயும் அப்படித்தான். நாள் முழுக்க உரிக்கிறாள், பசை நெடியில் கண் கலங்கிக்கொண்டே இருக்கிறது என்பதால் அவளுக்கு 'வெங்காயம்' என்று பேர் வைத்தது அவர்தான். முதலில் அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு அவளே, "வெங்காயம் வந்துட்டேன், யாருக்கு என்ன உரிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே நுழைய ஆரம்பித்தாள். கேலி செய்பவர்களுக்கு அதற்கப்புறம் என்ன சுவாரஸ்யம் மிச்சம்?

ஸ்டேப்ளர் பின் அடித்த உறை என்றால் வேலை சுலபம். பின்னைப் பிடுங்கினால் துணி கையோடு வந்துவிடும். வம்பு எல்லாம் ஒட்டிய உறையில்தான். புதுமாதிரி இருக்கைகளில் வளைவும் குழியும் இருப்பதால் துணியை நேராக ஃபோமின்மேல் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். பட்டறை வழக்கப்படி ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. துணியோடு ஃபோமும் கொத்துக்கொத்தாகப் பிய்ந்து வரும். பிய்ந்ததைக் குப்பையில் தள்ளிவிட்டுப் புது ஃபோம் வெட்டி வைப்பார்கள்.

அவளால் அப்படி இழுக்க முடியவில்லை. நல்ல ஃபோம் குப்பைக்குப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. 'கொடுத்தது இந்த வேலைதான் என்றால், இதையாவது ஒழுங்காகச் செய்துவிடுகிறேன்' என்று ஒருவிதக் கோபத்தோடு உட்கார்ந்தாள். துணியை மேல்நோக்கித் தூக்கினால் ஃபோம் கிழிகிறது. துணியை அதன்மேலேயே மடித்து, ஃபோமோடு படிந்தாற்போல் பின்னால் இழுத்தால் பசைதான் முதலில் விடுகிறது என்று கண்டுகொண்டாள். சூடு காட்டினால் பசை இளகும்; சூடு கூடினால் ஃபோம் சுருங்கிவிடும். அந்த அளவை வலதுகை விரல் சொல்லாது என்பதால் இடதுகைப் புறங்கையை வைத்துப் பார்க்கப் பழகினாள். பசை அடம்பிடிக்கும் இடங்களில் மீன் பிடிக்கும் நைலான் நரம்பைத் துணிக்கும் ஃபோமுக்கும் நடுவே நுழைத்து, இரு கைகளாலும் ரம்பம்போல மெல்ல அறுத்தாள். நேரம் பிடித்தது. நாத்தனார் திட்டினார். ஆனால் அவள் உரித்த இருக்கைகளுக்குப் புது ஃபோம் தேவைப்படவில்லை என்பதைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திக்கொண்டார். பாராட்டவும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இருக்கை வந்தது.

ஒரு மனிதர் அதைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசைமேல் வைத்துப் பிரித்தார். சக்கர நாற்காலியில் பொருத்துகிற இருக்கை. முதுகும் அடியும் ஒரே வார்ப்பு. ஆனால் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை. இடப்பக்கம் ஆழமாகக் குழிந்திருந்தது. வலப்பக்கம் ஒரு மேடு எழும்பி, வளைந்து முதுகோடு ஏறியது. பார்க்கிறவர்களுக்கு யாரோ அதில் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனாற்போலத் தோன்றும்.

"என் அக்காவோடது. ஹைஸ்கூல்ல கணக்கு டீச்சர்" என்றார் அவர். "பொறந்ததுல இருந்தே முதுகெலும்பு வளைஞ்சிருக்கு. அவங்க உடம்ப அச்செடுத்து இத வார்த்துக் குடுத்தாங்க. ஃபோம் இன்னும் நல்லாத்தான் இருக்கு. மேல ஒட்டின துணிதான் நைஞ்சு சுருண்டு, இந்தக் குழியில மடிப்பு விழுந்து, இடுப்பெலும்புகிட்ட புண்ணாக்கிடுச்சு. துணிய மாத்தாம இதுல உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"புதுசா வார்க்கச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டார் நாத்தனார்.

"அங்க வரிசை ரொம்ப நீளம். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் அக்கா படுத்தேதான் இருக்கணும். பரீட்சை வர்ற நேரம். எத்தனையோ கடை ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் தொட்டுப் பாத்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க."

நாத்தனாரும் கும்பிடத்தான் போனார். அதற்குள் பின்னாலிருந்து வந்து நின்ற அவள், துணியின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏம்மா, வேலியில போற ஓணானையா எடுத்து விட்டுக்கப் பாக்குற?" என்றார் நாத்தனார். "இது கடையில வாங்குற ஃபோமா? ஒரு உடம்ப அளவெடுத்து வார்த்தது. பிஞ்சு போச்சுன்னா எங்க போய் வாங்கிக் குடுப்ப?"

"நான் துணியத்தான் எடுக்கப்போறேன், அக்கா. ஃபோம் இருந்த இடத்துலயே இருக்கப் போகுது."

"வெங்காயக்கா, இது உரிக்கிற சமாச்சாரம் இல்ல, ஆபரேஷன்" என்றார் கத்திரி.

அவள் டீச்சரின் தம்பியிடம், "உக்காருறவங்கள நான் முதல்ல பாக்கணும். இதையும் எடுத்துட்டு வர்றேன்" என்றாள்.

டீச்சர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்திய பலகையில் மாணவர்களின் விடைத்தாள்களைக் கிளிப் போட்டு வைத்து, படுத்தபடியே திருத்திக்கொண்டிருந்தார். சின்ன உருவம். குரல் மட்டும் கடைசி பெஞ்சுவரைக்கும் எட்டும்.

"வாங்க. என் நாற்காலியத் தோலுரிக்கப் போறது நீங்கதானா?"

"உரிக்கலாமா வேணாமான்னு கேக்கத்தான் வந்தேன், டீச்சர்."

"கேக்க வந்தவங்க நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் கேக்காமயே முடியாதுன்னுட்டாங்க."

அவள் இருக்கையைக் கட்டிலோரம் நிறுத்தி, தையல் சாக்குக்கட்டியை எடுத்தாள். எங்கே பாரம் இறங்கும், எங்கே வலிக்கும், எந்த இடம் உடம்பில் படவே படாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, அதில் உட்கார்ந்திருப்பதுபோல நினைத்துப் பார்த்துச் சொன்னார். "இன்னும் கீழ... இன்னும் கொஞ்சம் உள்ள... ஆங், அதேதான். மத்தியானத்துக்கு மேல என் உசிரு போறது அங்கதான்." பாரம் இறங்கும் இடங்களில் வட்டம் போட்டாள். படாத இடங்களில் பெருக்கல் குறி. இடப்பக்கக் குழிக்குள் வட்டத்தின்மேல் இன்னொரு வட்டம் விழுந்தது.

"பெருக்கல் போட்ட பக்கத்துல ஆரம்பிக்கிறேன். இந்தப் பசையோட குணம் என்னன்னு அங்க தெரிஞ்சுக்கிட்டு, அப்புறமா வட்டத்துக்கு வர்றேன்" என்றாள். "பிய்யவே பிய்யாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, டீச்சர்."

டீச்சர் கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்த்தார். "சத்தியம் பண்ணியிருந்தீங்கன்னா திருப்பி அனுப்பியிருப்பேன். எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலை வேலை ஆரம்பமானது. பட்டறையில் இருந்த, அனல் காற்று வீசும் சூட்டுத் துப்பாக்கியை அவள் தொடவே இல்லை. வீட்டிலிருந்து தலைமுடி காயவைக்கும் டிரையரை எடுத்து வந்திருந்தாள். மெஷின் தைக்கிற ஒருவர், தின்னர் ஊற்றினால் பசை கரைந்து ஒரு நிமிஷத்தில் வந்துவிடுமே என்றார். ஒரு கழிவு ஃபோம் துண்டில் ஊற்றிக் காட்டினாள். அது தண்ணீரில் போட்ட ரொட்டிபோல ஊதி, தொட்டதும் பிசுபிசுவென்று கையோடு வந்தது. அவர் அதற்குப்பிறகு யோசனை சொல்ல வரவில்லை.

ஓரத்திலிருந்து தொடங்கினாள். சூடு காட்டுவது, புறங்கையால் பார்ப்பது, இடதுகை ஃபோமை அழுத்திப் பிடிக்க, வலதுகை துணியை மடித்துப் பின்னால் இழுப்பது. ஒரு விரல் அகலம் விட்டுக்கொடுக்கும். பிறகு நிறுத்தி, மறுபடி சூடு. பெருக்கல் குறிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அடியில் ஃபோம் வழவழவென்று, வார்த்த அன்று இருந்தபடியே இருந்தது. கத்திரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். கேலி வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

வலப்பக்க மேடும் முதுகும் முடிந்தன. மூன்றாம் நாள் குழிக்கு வந்தாள். கை பழகிவிட்டிருந்தது. பழகிய கையைத்தான் நம்பக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழியின் அடியில் முன்பு எப்போதோ துணி தூக்கிக்கொண்டபோது, யாரோ மேற்கொண்டு பசையைக் கொட்டி அழுத்தியிருக்கிறார்கள். அது மேலே தெரியவில்லை. மடித்து இழுத்தாள். பொசுக்கென்று ஒரு சத்தம்.

உள்ளங்கை அளவு ஃபோம் துணியோடு வந்துவிட்டது. வட்டத்தின்மேல் வட்டம் போட்ட அதே இடம்.

பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் டிரையரை அணைத்தாள். எழுந்துபோய் முகம் கழுவினாள். காலர்கள் கோணிப்போய், மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக் காட்டிய நாள் கண்முன் வந்து நின்றது. அன்று அவள் ஒரு வார்த்தை பேசாமல் தலைகுனிந்து வெளியேறினாள். இன்று அப்படிப் போவதில்லை என்று முடிவுசெய்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"டீச்சர், பிஞ்சிடுச்சு" என்றாள் எடுத்த எடுப்பில். "இடப்பக்கக் குழியில. என் தப்புதான். கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"பிஞ்சது பொடியாயிடுச்சா, முழுசா இருக்கா?" என்றார் டீச்சர்.

"முழுசாத்தான் இருக்கு. துணியோட ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அப்போ தொலைஞ்சு போகலையே. இடம் மாறியிருக்கு. திரும்ப அந்த எடத்துக்கே அனுப்ப முடியுமான்னு பாருங்க." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா பாதியில விட்டுடாதீங்க."

போனை வைத்துத் திரும்பினால் நாத்தனார் பின்னால் நிற்கிறார்.

"போதும், நிறுத்து. இருக்கிறபடி மூடித் திருப்பிக் குடுத்துடலாம். நம்மால ஆகலன்னு சொன்னா யாரும் தூக்குல போடப் போறதில்ல."

"இப்ப குடுத்தா பாதி துணியும் ஒரு ஓட்டையுமாப் போகும். அவங்களுக்கு எதுக்குமே ஆகாது. நான் கெடுத்தத நான்தான் சரி பண்ணணும், அக்கா."

"இன்னும் பெருசாக் கெட்டுப்போச்சுன்னா?"

"அப்பவும் நான்தான் போய்ச் சொல்லுவேன். உங்கள நிக்க விடமாட்டேன்."

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் தன் முன்னால் இத்தனை நேரம் தலை நிமிர்ந்து பேசி அவர் பார்த்ததில்லை. முன்பக்கம் போய்விட்டார்.

அவள் பிய்ந்த துண்டை உற்றுப் பார்த்தாள். அதைத் துணியிலிருந்து தனியாகப் பிரிக்கப் போனால் பொடியாகிவிடும். எனவே அதைச் சுற்றித் துணியைக் கத்தரித்தாள். துண்டு, துணியைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டு கையில் வந்தது. குழியில் பிய்ந்த பள்ளத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு மேடும் அதனதன் பள்ளத்தில் போய் உட்காரும் நிலை கிடைத்தது. பசையை மெல்லிசாக, பூச்சு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தடவி, துண்டைப் பொருத்தி, ஒரு மணல் பையைப் பாரமாக வைத்தாள். அன்று முழுக்க அதைத் தொடவில்லை. கை துறுதுறுத்தது. போய்ச் சாதாரண நாற்காலிகளின் பின்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பையை எடுத்தாள். துண்டு பிடித்திருந்தது. இனி அதன்மேல் இருக்கும் துணித் தொப்பியை மட்டும் கழற்ற வேண்டும். அங்கே பசை இரண்டு பங்கு. இழுக்கிற பேச்சே கிடையாது. நைலான் நரம்பால்தான் அறுக்க வேண்டும். நரம்புக்கு இரண்டு கையும் வேண்டும். டிரையரை யார் பிடிப்பது?

யாரையாவது கூப்பிடலாம் என்று அவள் நிமிர்ந்தபோது, நாத்தனார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரையரை எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு தூரத்துல பிடிக்கணும்? சொல்லித் தொலை."

"ஒரு சாண் தள்ளி. நிறுத்தாம ஆட்டிக்கிட்டே இருக்கணும்."

"வீசு வீசுன்னு வீசறதுக்கு நான் என்ன மகாராணிக்கு விசிறியா?" என்றார். ஆனாலும் ஆட்டினார்.

அவள் நான்கு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி அறுத்தாள். ஒரு பக்கம் கொஞ்சம், பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம். நரம்பு விரல்களில் வரிவரியாகப் பதிந்தது. உணர்ச்சியற்ற விரலில் அதைச் சுற்றிக்கொண்டாள். வலி தெரியாத விரல் அன்றைக்காவது ஒரு உபகாரம் செய்தது. கத்திரி தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். நாத்தனார் அவ்வப்போது, "கை கழண்டு விழப்போகுது, சீக்கிரம்" என்பார். உடனே, "அவசரப்படாத, நிதானமாப் பண்ணு" என்றும் அவரே சொல்வார்.

கடைசியில் துணித் தொப்பி மேசைமேல் விழுந்தது. துண்டு அசையவில்லை. குழியில் ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. நாத்தனார் டிரையரை அணைத்துவிட்டுத் தோளைப் பிசைந்துகொண்டு, "எனக்கு டீ சொல்லுங்க" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினார். பிறகு, "அவளுக்கும்" என்றார்.

புது உறையை ஒட்டப்போவதில்லை என்று அவள் சொன்னபோது கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒட்டாம இந்தக் குழிக்குள்ள துணி எப்படிங்க நிக்கும்? தொட்டில் மாதிரி தொங்கும்."

"ஒட்டினதாலதான் இத்தனை பாடு. கழட்டித் துவைக்கிற மாதிரி வேணும். நீங்க ஒரே துணியா வெட்டாதீங்க. குழிக்கு ஒண்ணு, மேட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வெட்டிக் குடுங்க. இழுத்துக் கட்டுறது என் பொறுப்பு."

வார்ப்பில் காற்றுப் போக ஏற்கெனவே சில துளைகள் இருந்தன. உறையின் அடிப்பக்கத்தில் நாடாக்களைத் தைக்கச் சொல்லி, நீள ஊசியால் அந்தத் துளைகள் வழியே இழுத்துப் பின்னால் முடிச்சிட்டால் துணி குழிக்குள் படிந்து நிற்கும் என்பது அவள் கணக்கு. கத்திரி பழைய படுக்கை விரிப்புகளை வெட்டி வெட்டி ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு இடத்தில் சுருக்கம் விழும். "இந்த உடம்போட கணக்கு அந்த டீச்சருக்குத்தான் தெரியும் போல" என்று முனகிக்கொண்டே மறுபடி வெட்டுவார். சுருக்கமே இல்லாமல் படிந்த அன்று, தான்தான் அந்த இருக்கையையே வார்த்ததுபோல எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இருக்கையை எடுத்துக்கொண்டு அவளும் டீச்சரின் தம்பியும் போனார்கள். தம்பி அக்காவைத் தூக்கி மெதுவாக உட்கார வைத்தார். டீச்சர் அசைந்து அசைந்து தன் இடத்தைத் தேடினார். கண்ணை மூடினார்.

"குழியில... ஒரு கடலைய வெச்சுத் தச்சாப்ல இருக்கு" என்றார் டீச்சர்.

அவள் முகம் சுண்டவில்லை. "கொஞ்சம் தூக்குங்க, பாத்துடலாம்" என்றாள் தம்பியிடம். நாடாக்களை அவிழ்த்து உறையைக் கழற்றினாள். ஒட்டியிருந்தால் இதற்கே இன்னொரு வாரம் ஆகியிருக்கும். கையால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. இடதுகைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் போனபோது, ஒட்டுப்போட்ட கோட்டின் ஓரத்தில் பழைய பசை ஒரு சொட்டு கெட்டியாகி நிற்பது அகப்பட்டது. சின்னக் கத்தரிக்கோல் முனையால் அதை மட்டும் கொத்தி எடுத்தாள். உறையை மாட்டினாள். தம்பி டீச்சரை மறுபடி உட்கார வைத்தார்.

இந்தத் தடவை பலகையில் கிளிப் போட்டிருந்த விடைத்தாள்களைக் கழற்றித் தரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "இன்னும் நிக்கிறீங்களா? உக்காருங்க" என்றார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தம்பி சமையலறைக்குள் போய், தேவையில்லாமல் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

புண் முழுவதும் ஆறிய பிறகே பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறியது. முதல் நாள் மத்தியானம் ஆசிரியர்கள் அறையிலிருந்து பட்டறைக்குப் போன் வந்தது. நாத்தனார்தான் எடுத்தார்.

"எங்க உரிக்கிற அம்மாவக் கூப்பிடணுமா? ஒரு நிமிஷம் இருங்க" என்றவர், போனை நீட்டும்போது, "உன் டீச்சர்" என்றார்.

"மத்தியானம் தாண்டிடுச்சு" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "என் உசிரு இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

அவள் சிரித்தாள். மெஷின் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் அந்தச் செய்தியைத் தன்னோடு வைத்துக்கொள்கிறவர் அல்ல. இருக்கைகளை வார்க்கும் இடத்தில் வேலைசெய்யும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். சில வாரங்களில் அந்தப் பெண்ணே பட்டறைக்கு வந்து, நாடா கட்டும் உறையைப் பற்றிக் கேட்டு, படம் எடுத்துக்கொண்டு போனாள். வார்ப்பிலேயே துளைகளைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் ஒட்டவே வேண்டாமே என்று அவளும் அந்தப் பெண்ணும் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். அதன் பிறகு, ஒட்டிய உறை நைந்துபோன இருக்கைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. சில நன்றாக வந்தன. ஒன்று ரொம்பவும் மக்கிப்போயிருந்ததால் கையில் எடுத்ததுமே உதிர்ந்தது. அதை அவள் உள்ளபடியே சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

வேறொரு ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். மகளுடைய இருக்கையைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன், துணியை மாற்றி அப்படியே பார்சலில் அனுப்பிவிடுங்கள் என்றார்.

"சீட்ட மட்டும் அனுப்பாதீங்க, ஐயா" என்றாள் அவள். "பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. எங்க வலிக்குதுன்னு நான் பாப்பாகிட்டதான் கேக்கணும்."

அவர் தூரம், சிரமம் என்று என்னென்னவோ சொன்னார். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்துவிட்டு, எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டாள்.